மீட்டரின் சிவப்புக் கண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை பிறந்தால் மின்தேவை பற்றிய செய்திகள் உங்கள் நாளிதழில் வரத் தொடங்கிவிடும். 2024 மே 2 அன்று மாநிலத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது என்று படித்த நினைவு இருக்கிறது. இப்படிப்பட்ட செய்திகளின் கடைசியில், பொதுமக்கள் மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும் என்று ஒரு வரி வரும். எந்த வீட்டில், எதை, எப்படி என்று அதற்குமேல் ஒன்றும் இருக்காது. அந்த ஒரு வரியை எங்கள் தெருவில் சென்ற ஆண்டு செய்துபார்த்தோம். கைகூடியதையும் தவறிப்போனதையும் மற்ற ஊர்க்காரர்களும் அறிய வேண்டும் என்றே இதை எழுதுகிறேன். கடிதம் சற்று நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 27 ஆண்டுகள் மின் கணக்கீட்டாளராக வேலை பார்த்து, நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றவள். என் கணவர் மின்வாரியத்தில் கம்பியாளராக இருந்தார். அவர் காலமானபின் கருணை அடிப்படையில் எனக்கு வேலை கிடைத்தது. அப்போது எனக்கு 31 வயது. பாளையங்கோட்டையிலும் சுற்றுப்புறங்களிலும் நான் ஏறி இறங்காத படி இல்லை. மாடிப்படிக்கு அடியில், செருப்பு அலமாரிக்கு மேலே, தொழுவத்துச் சுவரில் என்று மீட்டர் எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்பது எனக்கு அத்துபடி. யூனிட் கணக்கைக் குறித்துக் கொடுக்கும் வெள்ளை அட்டையை எடுத்து நீட்டும் கையைப் பார்த்தே அந்த வீட்டில் அந்த மாதம் எப்படிப் போகிறது என்று ஓரளவு சொல்லிவிடுவேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மீட்டருக்குள் ஓர் அலுமினியத் தட்டு சுற்றிக்கொண்டிருக்கும். குழந்தைகள் என் பக்கத்தில் வந்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள். உள்ளே அம்மா இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் தட்டு விறுவிறுவென்று ஓடும். அணைத்தால் தளர்ந்து நடக்கும். மின்சாரம் செலவாவதைக் கண்ணால் பார்த்த தலைமுறை அது. பிறகு மின்னணு மீட்டர்கள் வந்தன. அவை துல்லியமானவை, அதில் குறையில்லை. ஆனால் அவற்றில் ஓடுவதற்கு ஒன்றும் இல்லை; எண் மட்டும்தான். இப்போதோ அந்த எண்ணையும் பார்ப்பதில்லை. கைப்பேசிக்குத் தொகை வருகிறது, கட்டிவிடுகிறோம். வெள்ளை அட்டை எங்கே கிடக்கிறது என்று கேட்டால் பாதி வீடுகளில் தேட வேண்டியிருக்கும்.

ஆனாலும் புதிய மீட்டரில் அசைவது ஒன்று உண்டு. முகப்பில் சிறிய சிவப்பு விளக்கு ஒன்று கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டு என்பது மீட்டரின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். எங்கள் வீட்டு மீட்டரில் 3,200. இத்தனை ஆண்டுகள் மீட்டரோடு பழகிய நானே இந்தச் சிவப்புக் கண்ணை ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை.

சென்ற ஆண்டு ஏப்ரல் தொடக்கத்தில் ஓர் இரவு. புழுக்கம் தாங்காமல் வெளித் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தேன். உள்ளே மகள் வீட்டார் உறங்கிக்கொண்டிருந்தார்கள். விளக்குகள் அணைந்திருந்தன. மீட்டர் மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் மாலை மின்விசிறி, ஃபிரிட்ஜ், தொலைக்காட்சி, செட்டாப் பாக்ஸ், வைஃபை பெட்டி என்று ஒன்று விடாமல் அணைத்துவிட்டு வந்து பார்த்தேன். அப்போதும் நிமிடத்துக்கு இரண்டு முறை சிமிட்டியது. தேடிப் பார்த்தபோது மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டர் முனகிக்கொண்டிருந்தது.

2012-ஐ நினைவிருக்கிறதல்லவா? ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரம் இல்லாமல் தவித்த ஆண்டு. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காகக் கடன் வாங்கி இன்வெர்ட்டர் வாங்கிய வீடுகள் எங்கள் பகுதியில் ஏராளம்; எங்கள் வீடும் அதில் ஒன்று. மின்வெட்டுக் காலம் கடந்துவிட்டது, பெட்டி கடந்துபோகவில்லை. இடையில் ஒருமுறை மாற்றிய பாட்டரியும் செத்துப்போய், மின்சாரம் நின்றால் பத்து நிமிடம்கூடத் தாங்காத நிலையில் இருந்தது. அப்படிப்பட்ட பாட்டரிக்கு இரவும் பகலும் மின்சாரம் ஏறிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு இரண்டு சிமிட்டு என்றால் ஒரு நாளைக்கு 2,880. அறுபது நாளில் 1,72,800. அதை 3,200-ஆல் வகுத்தால் 54 யூனிட். 2016 முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் கிடைக்கிறது. அதில் பாதிக்கு மேல் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியிலேயே கரைந்துபோயிருக்கிறது.

நம் நாட்டு மின்கட்டமைப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ அளவுக்குக் கரியமில வாயு வெளியாகிறது. 54 யூனிட்டுக்கு ஏறக்குறைய 38 கிலோ. சமையலறையில் இருக்கும் 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் முழுவதும் எரிந்து தீர்ந்தால் சுமார் 42 கிலோ வரும். அதாவது ஒரு பருக்கையும் வேகாமல், கிட்டத்தட்ட ஒரு சிலிண்டரை எரித்த அளவு புகையை நாங்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊருக்குக் கொடுத்திருக்கிறோம். இந்தக் கணக்கைப் போட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் உடனே ஒரு மறுமொழி வரும். "நமக்கென்ன அக்கா, பாபநாசத்தில் தண்ணீர் கரண்ட், ஆரல்வாய்மொழியில் காற்றாடிக் கரண்ட். நாம் எங்கே கரி எரிக்கிறோம்?" என்பார்கள். பாபநாசம் மின்நிலையம் 1944 முதல் இயங்குவது. அதில் எங்களுக்கெல்லாம் பெருமை உண்டு. ஆனால் அதன் திறன் 32 மெகாவாட். காற்று, தென்மேற்குப் பருவத்தில் வாரி வழங்கும். மே கடைசியில் தொடங்கினால் செப்டம்பர் வரை நல்ல வரத்து. மார்ச், ஏப்ரல் மாதத்துப் புழுக்கத்தில், இலை அசையாத மாலையில், வீட்டுக்கு வீடு மின்விசிறி சுழலும்போது காற்றாலையும் நின்றிருக்கும், சூரியனும் மறைந்திருக்கும். அந்த நேரத்துக்கு அனல் மின்நிலையம்தான் கை கொடுக்கிறது. தூத்துக்குடி அனல் மின்நிலையம் எங்களுக்கு ஐம்பது கிலோமீட்டர்தான். ஒடிசாவில் தால்சேர் சுரங்கத்தில் வெட்டிய கரி, ரயிலேறி பாரதீப் துறைமுகம் போய், அங்கிருந்து கப்பலேறி தூத்துக்குடி வந்து எரிகிறது. என் இன்வெர்ட்டர் முனகுவதற்காக இவ்வளவு தூரம் ஒரு கரி பயணம் செய்ய வேண்டுமா?

எங்கள் தெருவில் 34 வீடுகள். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். முதலில் பன்னிரண்டு வீட்டார் சம்மதித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஒவ்வொரு வீடாகப் போனோம். தெருப் பிள்ளைகள் கைப்பேசியில் நேரம் பார்க்க, மற்றவர்கள் சிவப்புக் கண்ணை எண்ணினார்கள். வீட்டிலுள்ள எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் எண்ணுவது. பிறகு ஒவ்வொன்றாகப் போட்டு எண்ணுவது. இதற்கு எங்கள் பிள்ளைகள் வைத்த பெயர் 'சிமிட்டு எண்ணுதல்'. ஃபிரிட்ஜ் மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. அதன் கம்ப்ரஸர் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அதற்கு ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்க்க வேண்டும். காகிதம் தடையில்லாமல் கையோடு வந்தால் கதவின் ரப்பர் போய்விட்டது, குளிர் வெளியே கசிகிறது என்று பொருள். தெருமுனைக் கடை அண்ணாச்சியின் ஐஸ்கிரீம் பெட்டியில் காகிதம் காற்றில் பறப்பதுபோல் வந்தது. மறுநாளே ரப்பரை மாற்றிவிட்டார்.

ஒரு வீட்டில் கண்டது என்னை நடுங்க வைத்தது. எல்லா சுவிட்சையும் அணைத்த பிறகும் நிமிடத்துக்கு ஆறு சிமிட்டு. அங்கே இன்வெர்ட்டரும் கிடையாது. கம்பியாளரின் மனைவியாக இருந்தவளுக்கு அதன் பொருள் தெரியாமல் இருக்குமா? யாரும் ஈரச் சுவரைத் தொட வேண்டாம் என்று சொல்லி, மெயினை அணைத்து, வயர்மேனை வரவழைத்தோம். ஆழ்குழாய் மோட்டாருக்குப் போகும் வயரின் உறை வெடித்து, மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அறுபது நாளைக்கு 162 யூனிட் வீண். ஆனால் அந்த யூனிட் கணக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த முற்றத்தில்தான் இரண்டு சிறு குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தன. அன்றைக்கு அந்த வீட்டு மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. பில் கூடி வருகிறதே என்று ஆறு மாதமாக அவர்கள் விளக்கை அணைத்து அணைத்து மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மின்விசிறிக்கு வருகிறேன். எங்கள் ஊர் வெயிலில் ஒரு மின்விசிறி நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஓடுவது சாதாரணம். 75 வாட் பழைய விசிறி ஒன்று நிமிடத்துக்கு நான்கு சிமிட்டு வாங்குகிறது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் கொண்ட, 30 வாட் அளவிலான பி.எல்.டி.சி. விசிறி ஐந்து நிமிடத்துக்கு எட்டுதான் வாங்குகிறது. இரண்டு மாதத்துக்குக் கணக்கிட்டால் முன்னது 72 யூனிட், பின்னது 29 யூனிட். ஒரே ஒரு விசிறியில் 43 யூனிட் மிச்சம்! காயில் எரிந்து மறுபடி கட்டிய விசிறிகள் இன்னும் மோசம். எங்கள் தெருவில் அப்படி இரண்டு விசிறிகள் ஏறக்குறைய 90 வாட் இழுத்தன. என் வீட்டில் இன்வெர்ட்டரை நிறுத்தி, கூடத்து விசிறி ஒன்றை மட்டும் மாற்றினேன். முந்தைய ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் 412 யூனிட் ஆன வீட்டில் சென்ற ஆண்டு 309. யாரும் ஒரு நாள்கூட வியர்வையில் உட்காரவில்லை. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் கட்டணம் ஏறிவிடும் என்பதால், அந்த எல்லையை ஒட்டி நின்ற நான்கு வீடுகளுக்கு இன்னும் நல்ல பலன்.

வாடகை வீடுகளில் இது எளிதாக நடக்கவில்லை. தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வீட்டுக்காரர் வாங்கிவிடுகிறார். இலவச 100 யூனிட் குடியிருப்பவர் கண்ணில் படுவதே இல்லை. விசிறி வீட்டுக்காரருடையது; மின்சாரக் காசு குடியிருப்பவருடையது. மாற்றுவதால் வீட்டுக்காரருக்கு லாபமில்லை, மாற்றக் குடியிருப்பவருக்கு உரிமையில்லை. எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் மட்டும் பேச்சுக்கு இறங்கி வந்தார்கள். விசிறியை வீட்டுக்காரர் வாங்கிப் போடுவது, மாதம் 150 ரூபாய் வீதம் குடியிருப்பவர் கொடுத்துக் கழிப்பது, காலி செய்யும்போது விசிறி வீட்டோடு நிற்பது என்று முடிவானது. மற்ற ஐந்து வாடகை வீடுகளில் இன்றும் பழைய விசிறிகள்தான். சூரிய மின்தகடும் அப்படியே. 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. நல்ல திட்டம்தான், சொந்த மொட்டைமாடி உள்ளவர்களுக்கு. ஓட்டு வீட்டுக்காரரும் வாடகைக்காரரும் மேலே அண்ணாந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது எங்கள் தவற்றைச் சொல்கிறேன். இது என் தவறு.

மே மாதத் தொடக்கத்தில் ஓர் உற்சாகத்தில் தெருமுனைச் சுவரில் கரும்பலகை ஒன்றை மாட்டினோம். கதவு எண், அதற்கு நேரே வாரத்துக்கு எத்தனை யூனிட் என்று சுண்ணக்கட்டியில் எழுதினோம். ஒருவரைப் பார்த்து ஒருவர் குறைப்பார்கள் என்பது என் எண்ணம். குறைத்தார்கள். இரண்டு வாரம் எல்லோரும் மகிழ்ந்தோம். மூன்றாவது வாரம் ஒரு வீட்டின் எண்ணிக்கை பாதிக்குக் கீழே விழுந்திருந்தது. ஏதோ பெரிய சாதனை என்று அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டது நான்தான்.

அது தனியாக இருக்கும் ஓர் ஆச்சியின் வீடு. ஒரு விளக்கு, ஒரு விசிறி, ஒரு தொலைக்காட்சி. வழக்கமாகவே இரண்டு மாதத்துக்கு 90 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். பலகையில் தன் வீட்டு எண் இருப்பதைப் பார்த்து, தானும் குறைக்க வேண்டும்போலும் என்று ஆச்சி இரவில் விசிறியை நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து வைத்து, பனையோலை விசிறியோடு படுத்திருக்கிறார். அக்கினி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த நாள்கள் அவை. ஒரு காலையில் வாசல் தெளிக்க வந்தவர் தலைசுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டார். உப்புக்கரைசல் கொடுத்து, ஈரத்துணி சுற்றி, மருத்துவரிடம் கொண்டுபோனோம். நல்லவேளையாக மாலைக்குள் தேறிவிட்டார். "நான் மட்டும் கூடச் செலவழித்துவிடக் கூடாது இல்லையா, தாயே" என்று அவர் என்னிடம் சொன்னபோது நான் தலைகுனிந்து நின்றேன்.

அன்று மாலையே பலகையை அழித்தோம். இரண்டு மாதத்துக்கு 90 யூனிட் செலவழிக்கும் வீட்டிடம் போய்ச் சிக்கனம் பேச நமக்கு உரிமை கிடையாது. அந்த வீடு ஏற்கெனவே போதிய அளவுக்குக் குறைவாகத்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறது. சில வீடுகள் கூடுதலாகவே பயன்படுத்த வேண்டும். இதை முன்பே உணராமல் 800 யூனிட் வீட்டையும் 90 யூனிட் வீட்டையும் ஒரே பலகையில் எழுதியதற்காக இன்றும் வருந்துகிறேன். இப்போது பலகையில் மொத்த யூனிட் எழுதுவதில்லை. எல்லாவற்றையும் அணைத்த பின் மீதமிருக்கும் சிமிட்டு எத்தனை என்பதை மட்டும் எழுதுகிறோம். வீணாவது அதுதான். ஏழை வீட்டிலும் பெரிய வீட்டிலும் அது பூஜ்யத்துக்கு வரலாம். யாரும் வியர்க்க வேண்டியதில்லை. மேல்நிலைத் தொட்டி வழிகிறதா என்று ஒரு கட்டமும் சேர்த்திருக்கிறோம். ஒரு குதிரைத்திறன் மோட்டார் தினமும் இருபது நிமிடம் தண்ணீரைத் தெருவில் கொட்டிக்கொண்டிருந்தால் இரண்டு மாதத்தில் 18 யூனிட் போகிறது. தாமிரபரணித் தண்ணீரும் சேர்ந்து போகிறது. மிதவை சுவிட்ச் ஒன்று போதும்.

இரண்டு கோரிக்கைகளை உங்கள் நாளிதழ் வழியாக அரசின் முன் வைக்க விரும்புகிறேன்.

ஒன்று, மின்கட்டணக் கணக்கோடு சென்ற ஆண்டு இதே இரண்டு மாதங்களில் எத்தனை யூனிட் ஆனது என்பதையும் பெரிய எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கோடையைக் கோடையோடு ஒப்பிட்டால்தான் வீட்டில் எது கூடியது என்று புரியும். கணக்கு முழுவதும் கணினியில் இருக்கும்போது ஒரு வரி சேர்ப்பது பெரிய வேலையாக இருக்காது. கணக்கைத் தானே அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் வரும்வரை இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

மற்றொன்று மின்விசிறி. 2011-இல் தொடங்கிய விலையில்லாத் திட்டத்தில் மிக்ஸி, கிரைண்டரோடு மின்விசிறியையும் குடும்ப அட்டைக்குக் கொடுத்த மாநிலம் இது. உஜாலா திட்டத்தில் 2015 முதல் நாடு முழுவதும் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்இடி பல்புகள் மலிவு விலையில் போய்ச் சேர்ந்தன; குண்டு பல்பு எங்கள் தெருவிலிருந்து மறைந்ததற்கு அந்த விலைச் சரிவுதான் காரணம், யாருடைய உபதேசமும் அல்ல. அதேபோல் 30 வாட் விசிறியை ரேஷன் கடை வழியாகத் தவணையில் கொடுக்கலாம். பழைய விசிறியைத் திரும்பப் பெற்றுக்கொள்வதும் அவசியம். இல்லையென்றால் அது இன்னொரு வீட்டில் போய் ஓடும். முதலில் குறைவாகச் செலவழிக்கும் வீடுகளுக்கும் தனியாக வாழும் முதியோருக்கும் கொடுக்க வேண்டும். அவர்களுக்கு மிச்சமாகும் யூனிட் இன்னும் சில மணி நேரக் காற்றாகட்டும். கரியமிலக் கணக்கில் அது குறைந்ததாகத் தெரியாமல் போகலாம். எனக்கு அதில் வருத்தமில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், சிவப்புக் கண்ணை எப்படி எண்ணுவது என்று சிறு கட்டம் கட்டி வெளியிடுங்கள். எல்லாவற்றையும் அணைத்த பின்னும் வேகமாகச் சிமிட்டினால் சுவரைத் தொடாமல், மெயினை அணைத்து, வயர்மேனைக் கூப்பிட வேண்டும் என்பதை அதில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

ஆச்சிக்கு ஆடி மாதம் குழுவின் சேமிப்பிலிருந்து 30 வாட் விசிறி வாங்கி மாட்டிவிட்டோம். இரவு பத்து மணிக்கு அவர் வீட்டு வழியாகப் போகிறவர்கள் விசிறி ஓடுகிறதா என்று ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவது இப்போது தெருவில் வழக்கமாகிவிட்டது. 34 வீடுகளில் 23 எண்ணி முடித்தாயிற்று. மீதி 11 வீடுகளுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை போகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் கணக்கீட்டாளர்,
பாளையங்கோட்டை.